டிஸ்க்கின் முன்பாதி

கெட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "நான் ஒண்ணுமே பண்ணலக்கா. தானா போச்சு." வக்கீலாக இருந்தாலும் இதே பொய், தண்ணீர் கேன் போடுகிறவராக இருந்தாலும் இதே பொய். ஒரு காலத்தில் டிஸ்க் அக்கா இதற்கெல்லாம் மல்லுக்கு நின்றதுண்டு. இப்போது தலையை மட்டும் ஆட்டுவாள். தானாகப் போவதற்கு அது என்ன பூனையா என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வாளே தவிர, வாய்விட்டுக் கேட்கத் தெம்பில்லை.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் கொழுந்தன். முன்னறையில் அவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பின்னறை அவளுடையது. யாராவது பெட்டியும் கையுமாக வந்து நின்றால், மிஷினை விட்டு நகராமலே குரல் கொடுப்பான். "அண்ணி, உங்க பேஷண்ட் வந்திருக்காங்க!" அவனுக்கு அண்ணி, தெருவில் மற்ற எல்லோருக்கும் அக்கா, அவளைவிட மூத்தவர்களுக்குக்கூட. பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும், அவ்வளவுதான். ஒரு மேஜை, பிஸ்கட் டப்பா நிறையத் திருகாணிகள், கால் ஆடுகிற நாற்காலி. வந்தவர்களை அந்த நாற்காலியில்தான் உட்கார வைப்பாள். யாரும் அதிக நேரம் உட்கார்ந்து கதை பேசமாட்டார்கள் என்பது அதில் ஒரு வசதி.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. கூரியர் ஆபீஸில் நாள் முழுக்க முகவரி தட்டிக்கொண்டிருந்தவள். அங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் மெக்கானிக் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று நாளைக் கடத்துவான். தட்டாத முகவரிகளுக்குத் திட்டு வாங்குவது இவள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தானே திருப்புளியை எடுத்தாள். அன்றைக்கு எடுத்ததைக் கீழே வைக்க இன்றுவரை யாரும் விடவில்லை.

தொழிலில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். முதலாவது, நகல் எடுக்காமல் எந்த டிஸ்க்கிலும் கை வைக்கமாட்டாள். நோயாளியின் டிஸ்க்கைக் கழற்றுவாள், காலி டிஸ்க் ஒன்றை எடுப்பாள், இரண்டையும் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு சிறு பெட்டிகளில் செருகுவாள். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் தொட்டில். இந்தத் தொட்டிலில் இருப்பது ஒரு புள்ளி பிசகாமல் அந்தத் தொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வைத்தியம். அதற்கு நேரம் பிடிக்கும். வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "பக்கத்துத் தெருவுல உடனே பார்த்துக் குடுத்துடுவாங்க" என்பார்கள். "அப்ப அங்கயே போங்க" என்பாள். போகமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் பார்த்து, அங்கே சொதப்பிய பிறகுதான் முக்கால்வாசிப் பேர் இங்கே வருவதே.

இரண்டாவது, டிஸ்க்கைக் கொண்டுவருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பாள். "இதுல உயிர் போற மாதிரி என்ன இருக்கு?" சொல்வதை ஒரு காகித நாடாவில் எழுதி, டிஸ்க் மேலேயே ஒட்டிவிடுவாள்.

லேப் சார் வந்தது ஒரு மத்தியானம். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர், அதனால் அந்தப் பெயர். கம்ப்யூட்டர் தெரிந்தவர் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்து நிற்பது கொஞ்சம் சங்கடமான காரியம்தான். அந்தச் சங்கடத்தை மறைக்க அவர் சத்தமாகப் பேசினார். சொல்லவே வேண்டாம், அவரும் ஒன்றுமே பண்ணவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை கறுத்து, மூலையில் ஒரே ஒரு வரி மட்டும் வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை. அவருடைய டிஸ்க்கில் இரண்டு குடித்தனம். முன்பாதியில் விண்டோஸ், அது அவர் மனைவிக்கு. பின்பாதியில் லினக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டம், அது அவருக்கு. பட்டனை அழுத்தியதும் உனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரவேண்டும். அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்கு மறந்துபோயிருந்தது. டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாதபடி, படிக்க மட்டும் அக்கா அதைத் திறந்து பார்த்தாள். இரண்டு குடித்தனத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு துண்டு இருந்தது. முன்பாதியிலிருந்து நறுக்கி எடுத்தது.

"சார், அந்தப் பக்கத்துல கொஞ்சம் வெட்டி எடுத்தீங்களா?"

லேப் சாரின் சத்தம் குறைந்துவிட்டது. "லேசா... என் பக்கம் இடம் போதலக்கா. அது சும்மாதானே கிடக்குதுன்னு."

"நடுவுல புதுசா ஒண்ணு வந்ததும் வரிசை மாறிடுச்சு. பட்டியல் இருந்த இடம் இப்ப வேற நம்பர். அதான் தேடிட்டு நிக்குது. பெரிய விஷயமில்ல, சரி பண்ணிடலாம். உயிர் போற மாதிரி என்ன இருக்கு?"

செஸ் இருந்தது. வாங்கிய செஸ் இல்லை, அவரே உட்கார்ந்து எழுதுகிற செஸ். மனிதனைப் போலத் தப்பு செய்யும் செஸ் என்றார். தப்பு செய்யவைப்பதற்குத்தான் இத்தனை வருஷம் ஆகிறது என்றார். ஆடுகிற நாற்காலியில்கூட அவர் அதைப் பற்றி அசையாமல் பேசினார். பேசும்போது முகமே வேறாகிவிட்டது. பாவம், வீட்டில் கேட்க ஆளில்லை போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள்.

"அந்தப் பக்கம்?"

"அங்க ஒண்ணும் பெருசா இல்ல. துணி வெட்டுற படம் கொஞ்சம் வெச்சிருக்கா."

அக்கா நாடாவில் 'செஸ்' என்று எழுதி ஒட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரிடம் போக வேண்டுமென்றால் ஒரு மத்தியானம் கடையை மூடவேண்டும். மூடினால் மறுநாள் கூட்டம் இரட்டிப்பாகும். அந்தக் கூட்டத்தை நினைத்தாலே பல் வலியே தேவலாம் என்று தோன்றிவிடும். வீட்டிலும் நிம்மதியில்லை. வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்குகிற மனிதர். இரண்டே அறையுள்ள வீட்டில் அவள் பாத்திரம் உருட்டாமல், குழாயை முழுதாகத் திறக்காமல், திருடி மாதிரி நடமாடிவிட்டுக் கடைக்கு ஓடிவருவாள். கணவனும் மனைவியும் வாசலில் சாவியைக் கை மாற்றிக்கொள்வதோடு சரி. அந்தச் சாவி மாற்றும் நேரத்தில்தான் கரண்ட் பில், மருந்து, மகள் போனில் சொன்னது என்று எல்லாச் சேதியும். வெறும் தூக்கத்தில் தீருகிற களைப்பு இல்லை அவளுடையது.

அன்றைய மூன்றாம் பேஷண்டை அனுப்பிவிட்டு, லேப் சாரின் டிஸ்க்கைத் தொட்டிலில் செருகினாள். அலமாரியிலிருந்து காலி டிஸ்க் ஒன்றை எடுத்து அடுத்த தொட்டிலில் செருகினாள். எதிலிருந்து எதற்கு என்று கட்டளை தட்டும் முன், இரண்டு டிஸ்க்கின் கம்பெனியையும் அளவையும் வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். அன்றும் படித்தாள். குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அப்படி அமைந்தால் அவற்றுக்குப் பின்னால் வரும் நீளமான சீரியல் எண்ணையும் படிக்கவேண்டும். பல் விண்ணென்று தெறித்தது. கன்னத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் என்டரைத் தட்டினாள்.

கொழுந்தன் டீ கொண்டுவந்து வைத்தான். டீயை வலிக்காத பக்கமாகச் சாய்த்து ஒரு வாய் குடித்துவிட்டு, சும்மாதான், தொட்டில் பக்கம் பார்த்தாள். எழுதுகிற டிஸ்க்கின் தொட்டிலில் சிவப்பு விளக்கு மினுக்கும், படிக்கிற டிஸ்க்கில் பச்சை. 'செஸ்' என்று ஒட்டியிருந்த டிஸ்க்குக்குக் கீழே சிவப்பு மினுக்கிக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடித்து இழுத்தாள். டீ மேஜையெல்லாம் கொட்டிற்று. அந்த ஆடுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலி டிஸ்க்கின் காலியை, நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏற்றியிருக்கிறாள். பத்திரத்துக்காக எடுக்கிற நகல்தான் ஆளையே அழித்திருக்கிறது. அவசரக்காரர்கள், அரைகுறைகள் எவருக்கும் இந்தத் தப்பு வாய்க்காது. ஒழுங்காக நகல் எடுக்கிறவளுக்கு மட்டுமே வாய்க்கும். அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவேண்டும் போல இருந்தது. வீட்டில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

பிறகு எழுந்தாள். எழாமல் என்ன செய்வது.

நகல் எப்போதும் முன்னாலிருந்துதான் ஆரம்பிக்கும். ஆகவே அழிவும் முன்னாலிருந்துதான். தேடிப் பார்த்ததில், பின்பாதி அப்படியே இருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைக்கோடுதான் தொலைந்திருந்தது. அதைக் கண்டுபிடித்து மறுபடி போட்டதும் லினக்ஸ் எழுந்து நின்றது. அதற்குள் செஸ்ஸும் இருந்தது. போன உயிர் பாதி திரும்பிவந்தது. மறுபாதி வரவில்லை, ஏனென்றால் முன்பாதியின் தலைப்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்கிற விவரமெல்லாம் அந்தத் தலைப்பக்கத்தில்தான் இருக்கும்.

மறுநாள் லேப் சாருக்குப் போன் போட்டாள். "உங்க பக்கம் வந்துடுச்சு சார். அந்தப் பக்கம்தான்..."

முழுதாகச் சொல்ல அவர் விடவில்லை. "செஸ் ஓடுதா? ஓடுதாக்கா? அப்பாடா!" கொஞ்சம் நிதானித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் போயிடுச்சா? நான்தான்க்கா வெட்டினேன். அதுலதான் போயிருக்கும். நீங்க புதுசா விண்டோஸ் போட்டுக் குடுத்துடுங்க. அவகிட்ட நான் பேசிக்கிறேன். கம்ப்யூட்டர்னா அப்படித்தான், தானா போயிடும்னு சொல்லிடுறேன்."

அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். பழி தானாக நடந்துபோய் வேறு வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டது. இவள் ஒரு பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எவ்வளவு சுகம் என்று களைத்தவர்களுக்குத்தான் தெரியும். "பார்க்கிறேன் சார்" என்றாள். அவர் வைத்துவிட்டார். அவள் விண்டோஸ் போடுகிற பென் டிரைவை எடுத்து மேஜைமேல்கூட வைத்துவிட்டாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

சாயங்காலம் கொழுந்தன் குரல் கொடுத்தான். "அண்ணி, லேப் சார் வீட்டம்மா வந்திருக்காங்க."

உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. தோள் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினாள். "துணி வெட்டுற பேட்டர்ன் மட்டும் இதுல போட்டுக் குடுங்கக்கா. மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நாளைக்கு ஒருத்தருக்கு வெட்டியாகணும். அவர் சக்கர நாற்காலியில இருக்கிறவர். சாதாரண பேன்ட் போட்டா பின்னாடி இடுப்புல இறங்கிடும், முன்னாடி மடிஞ்சு குத்தும். உக்கார்ந்த உடம்புக்குன்னு தனியா வரையணும்."

"எல்லாருக்கும் தனித்தனியா வரைவீங்களா?"

"கடையில வாங்கினா பொருந்தாதவங்கதானே என்கிட்ட வர்றாங்க. ஒரு தோள் இறங்கினவங்க, கை குட்டையானவங்க, ஆபரேஷன் ஆனவங்க. ஒவ்வொருத்தருக்கும் வெட்டி, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி வெட்டி... சரியா வர்றதுக்குள்ள தாவு தீர்ந்துடும். சரியா வந்தது எல்லாம் அதுலதான் இருக்கு. பேப்பர்ல வெச்சிருந்தேன், வீட்ல இடமில்லன்னு எல்லாத்தையும் உள்ளே ஏத்திட்டுப் பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டேன்."

உயிர் போற மாதிரி என்ன இருக்கு என்ற கேள்வியை இவளிடம் யாருமே கேட்கவில்லையே என்று அப்போதுதான் டிஸ்க் அக்காவுக்கு உறைத்தது. இரண்டு பேர் குடியிருந்த டிஸ்க்குக்கு ஒருவரிடம் மட்டும் கேட்டு, அவர் சொன்னதை எழுதி ஒட்டியிருக்கிறாள். ஒரு பெண்பிள்ளையாக இருந்துகொண்டு அதைச் செய்திருக்கிறாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, உக்காருங்க."

"இல்லக்கா, நேரமாச்சு."

"உங்க பக்கத்தை நான் அழிச்சுட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது. அக்கா எதையும் குறைக்காமல், சிவப்பு விளக்கு வரை சொல்லி முடித்தாள்.

"அவரும் இதுல கை வெச்சாரா?" என்று லேப் சார் வீட்டம்மா கேட்டாள், மெதுவாக.

"வெச்சார். ஆனா அது சரி பண்ணக்கூடியதுதான். அழிச்சது நான்."

"அவரோடது இருக்கா?"

"இருக்கு."

"செஸ் இருக்கு!" என்று அவள் சிரித்தாள். பிறகுதான் கோபம் வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக வரவில்லை. அத்தனை பேரையும் மறுபடி வரச்சொல்லிச் சட்டையைக் கழற்றி நிற்கவைக்க முடியுமா, சிலருக்கு ஒரு தடவை நிற்கவே எவ்வளவு கூச்சம் தெரியுமா, உங்களை நம்பி அனுப்பினால் இப்படியா என்று கேட்டுத் தீர்த்துவிட்டாள். கொழுந்தன் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

அவள் ஓய்ந்த பிறகு அக்கா, "பேர்தான் போச்சு. உள்ள இருந்ததுல நிறைய அங்கங்க கிடக்கும். தோண்டி எடுக்கிறேன். ஆனா எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

"எடுங்க. யாரோடதுன்னு நான் சொல்றேன்."

தோண்டுவதற்கு இரண்டு நாள் போல ஆயிற்று. இந்தத் தடவை முதலில் நகல் எடுத்தாள், நீளமான எண்ணை இரண்டு முறை படித்து. கிடைத்ததெல்லாம் வெறும் எண்ணிட்ட ஃபைல்கள், பெயரில்லை, தேதியில்லை. சக்கர நாற்காலிக்காரரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியாயிற்று. கடையை முடித்துக்கொண்டு சாயங்காலங்களில் அக்கா லேப் சாரின் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் ஒரே மேஜை. பாதியில் தையல் மிஷின், மீதியில் கம்ப்யூட்டர். ஒவ்வொரு படமாக அக்கா திறப்பாள். லேப் சாரின் மனைவி, அந்த முன்பாதிக்காரி, பார்த்துச் சொல்வாள். அக்கா பெயரைத் தட்டுவாள்.

"இது தபால்காரர். பை மாட்டி மாட்டி வலது தோள் இறங்கிடுச்சு. அடுத்தது... லைப்ரரி அம்மா. ஒரு பக்கம் மார்பு எடுத்துட்டாங்க, அதுக்காக உள்ள ஒரு பை வெச்சேன் பாருங்க. அடுத்தது. இது பாதிதான் வந்திருக்கு, கைப்பக்கம் இல்ல. ஆள் யாருன்னு தெரியுது, வைங்க. இவர்... இவர் போன வருஷம் தவறிட்டார். இருக்கட்டும், எடுத்துடாதீங்க."

இரண்டு கோடு, நான்கு வளைவு. அக்காவுக்கு எல்லாப் படமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க, தெருவில் போகிறவர்களின் முதுகை எல்லாம் கவனிக்கத் தொடங்கிவிட்டாள். பல் வலி இருந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் போகத்தான் வேண்டுமா என்று தோன்றும். போய்விடுவாள்.

மனைவி தன்னிடம் பேசாமல் இருப்பதைத் தாங்காமலோ என்னவோ, லேப் சார் அந்த நாட்களில் தானே டீ போட்டார். அன்றும் மூன்று டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, மேஜையில் வைக்க இடமில்லாமல் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த படம் திறந்தது. ஒரு மேல்சட்டையின் முதுகு. இடது தோள் நன்றாக இறங்கி, நடுத்தையல் நேராக வராமல் இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தது. அதைச் சரிக்கட்ட மறுபக்கம் மடிப்பு மேல் மடிப்பு. அதுவரை பார்த்ததிலேயே அதிகம் திருத்திய படம் அதுதான்.

முன்பாதிக்காரி மேஜைமேல் கிடந்த நூலை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

"இது யாரும்மா? தெரியலயா?"

"தெரியுது. என்னோடது."

லேப் சார் சிரித்துவிட்டார். இத்தனை நாளுக்குப் பிறகு பேச ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "உன்னோடதா? உனக்கு எங்க கோணல்?"

அவள் திரும்பவில்லை. "தைச்சுப் போட்டா தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் தைக்கிறது."

"எப்போலருந்து?"

"ரெண்டாவது பிரசவத்துலேருந்து. மிஷின்ல உக்கார்ந்து உக்கார்ந்து இப்ப அதிகமாயிடுச்சு. ராத்திரியில வலிக்கும். உங்ககிட்ட சொன்னேனே."

டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. டிஸ்க் அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார், இடது பக்கமும் வலது பக்கமுமாக, புது ஆளைப் பார்க்கிற மாதிரி. பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதாகத் தோன்றி, அக்கா அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் விரலைப் பொத்தான்கள்மேல் வைத்தாள்.

"பேர் என்னன்னு போடட்டும்?"

"வேணாம், அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "அடுத்தது காட்டுங்கக்கா."